விரல் கணுக்களில் வீக்கம், காலை விறைப்பு, பிடிப்புத் தளர்ச்சி: யாரிடம் காட்டுவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: ஓலைக்கொட்டான் (காரைக்குடி அருகே)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 54. பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) முடைவது என் தொழில். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடுகளுக்குப் பலகார வேலைக்கும் போவதுண்டு.

ஆடி மாதத்துக்குப் பிறகு இரண்டு கைகளிலும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அடிக் கணுக்களிலும் நடுக் கணுக்களிலும் வீக்கம் கண்டிருக்கிறது. தொட்டால் மெத்தென்றும் சற்றுச் சூடாகவும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க இயலவில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடும்போது மாவு விரலிடுக்கில் நிற்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கை ஓரளவு என் சொல்லைக் கேட்கிறது. நண்பகலில் தேறியது போலத் தோன்றி, மாலையில் மீண்டும் கனத்துவிடுகிறது.

பிடிப்பும் குறைந்துவிட்டது. இடியாப்பம் பிழிய முடியவில்லை. கொட்டானின் அடிப்பகுதியை எப்படியோ முடைந்துவிடுகிறேன். வாய்ப்பகுதியை இறுக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஓலையைப் பற்றி இழுக்க மறுக்கின்றன. சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்தாரின் பெரிய வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கும் பொறுப்பும் என்னுடையது. அந்த வீட்டு வாசற்கதவின் நீளச் சாவியைத் திருப்புவதற்கு இப்போது இரண்டு கைகளும் போதவில்லை.

வயதானால் வரும் வாயு என்று சிலர் சொல்கிறார்கள். 2006ஆம் ஆண்டில் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. அதன் மிச்சம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தால் வலு திரும்பும் என்று மருந்துக் கடையில் சொல்லி, வலி மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் வலி தணிகிறது. எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்? எண்ணெய் தேய்த்து நீவலாமா? தொழிலைத் தொடரலாமா, விட்டுவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கைவைத்தியர் அல்லாதவர் (தேவகோட்டை)

வணக்கம் அம்மா. நான் பணி ஓய்வு பெற்ற இயன்முறை மருத்துவர். நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வது முறையன்று. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பதில் தள்ளிப்போடக் கூடாத அடையாளங்கள் சில உள்ளன.

விரல் வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. வயதோடும் உழைப்போடும் வரும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் நகத்தை அடுத்த நுனிக் கணுவிலும், நடுக் கணுவிலும், கட்டைவிரலின் அடியிலும் தோன்றும். அங்கே தடவிப் பார்த்தால் எலும்பு முடிச்சுப் போலக் கடினமாக இருக்கும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். உங்களுக்கோ இரு கைகளிலும் ஒரே சமயத்தில், அடிக் கணுக்களில், மெத்தென்ற சூடான வீக்கம் இருக்கிறது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. கை இயங்கத் தொடங்கிய பிறகே அந்த விறைப்பு விலகுகிறது. முடக்குவாதம் என்று நாம் சொல்லும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் மூட்டின் உட்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குவதால் அந்தச் சவ்வு தடித்து நீர் கோத்துக்கொள்கிறது; நெடுநாள் கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும், அதை அடுத்துள்ள எலும்பும், கணுவைக் கட்டிவைத்திருக்கும் நார்களும் அரிக்கப்பட்டு, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கும். அப்படிச் சாய்ந்துபோன விரலை மருந்தால் நேராக்க இயலாது. வலியை மட்டும் அடக்கிக்கொண்டு மாதங்களைக் கடத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

சிக்குன்குனியாவால் மூட்டு வலி பல மாதங்களும், சிலருக்குச் சில ஆண்டுகளும் நீடித்ததை நம் பகுதியில் பலர் அறிவார்கள். ஆனால் இத்தனை ஆண்டுகள் நலமாக இருந்துவிட்டு இப்போது புதிதாக வீங்குவதற்கு 2006ஆம் ஆண்டுக் காய்ச்சலைக் காரணமாக்குவது பொருந்தவில்லை. ஆடிக்கு முன்பு வேறு ஏதேனும் காய்ச்சல் வந்திருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். தோலில் செதில் படை, நகங்களில் சிறு குழிகள், கண் சிவத்தல், வாய்ப்புண், முடி கொட்டுதல் ஆகியவை இருந்தாலும் சொல்ல வேண்டும். அவை வேறு நோய்களைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

முதலில் காரைக்குடி அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வாத நோய்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். எலும்பு முறிவு மருத்துவரும் அவர்களும் வேறு வேறு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்கான பிரிவு உண்டு. அங்கே செல்லப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். உடலுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தைச் சுட்டும் ஆர்.ஏ. காரணி, ஆன்டி சி.சி.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் இரு கைகளின் எக்ஸ்ரேயும் எடுப்பது வழக்கம். ஆர்.ஏ. காரணி இல்லை என்று முடிவு வந்துவிட்டால் நோயே இல்லை என்று மகிழ்ந்து திரும்பி வந்துவிடாதீர்கள். முடக்குவாதம் உள்ளவர்களிலும் கணிசமானவர்களுக்கு அது காணப்படுவதில்லை. அந்த நோய் இல்லாத முதியவர்கள் சிலருக்கு அது காணப்படுவதும் உண்டு. கணுக்களைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து முடிவு சொல்பவரிடம் கையை நீட்டிக் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. ரப்பர் பந்தை இப்போதே நிறுத்திவிடுங்கள். வீங்கிய கணுவோடு இறுக்கிப் பிடிப்பதை மீண்டும் மீண்டும் செய்தால், தளர்ந்துகொண்டிருக்கும் நார்கள் மேலும் இழுபட்டு விரல் சாய்வதற்கு வழி செய்யும். வலுவூட்டும் பயிற்சியே கூடாது என்பதன்று. இங்கிலாந்தில் நடந்து 2015இல் வெளியான சாரா என்னும் ஆய்வில், முடக்குவாதம் உள்ள 490 பேரில் முறையாக நீட்டல் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கையின் செயல்திறன் மேம்பட்டது. ஆனால் அவர்கள் அனைவரும் மருந்து நிலைப்பட்ட பிறகே சேர்க்கப்பட்டவர்கள். உங்களுக்கும் வீக்கம் அடங்கிய பின் அது உண்டு.

அதுவரை கையை அசையாமலும் வைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கை பொறுக்கும் சூட்டில் ஒரு குண்டான் வெந்நீரில் இரு கைகளையும் மூழ்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை முழுவதும் நீட்டுங்கள், பிறகு நுனிக் கணுவையும் நடுக் கணுவையும் மட்டும் கொக்கி போல மடக்குங்கள், பிறகு மெல்லக் கைமுட்டியாக மூடுங்கள், மீண்டும் நீட்டுங்கள். இழுத்துப் பிடிக்கவோ மற்றக் கையால் நெரிக்கவோ கூடாது. கணு சிவந்து தகிக்கும் நாளில் வெந்நீர் இதம் தராவிட்டால், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் ஒற்றலாம். எண்ணெயை மேலாகத் தடவிக்கொள்வதில் தீங்கில்லை; வீங்கிய கணுவைப் பிடித்து நீவிச் சொடக்கெடுப்பவர்களிடம் மட்டும் கையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டு வேலையில் பளுவைச் சிறு கணுவிலிருந்து பெரிய கணுவுக்கு மாற்றுவதே அடிப்படை. தவலையையும் குடத்தையும் விரலால் தூக்காமல் முன்கையில் அணைத்துத் தூக்குங்கள். துணியைப் பிழிவதற்குப் பதிலாகக் குழாயைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் சேர்த்து இழுங்கள். மெல்லிய பிடியுள்ள கரண்டி, கத்தி ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். பிடி பருமனானால் விரல்கள் குறைவாக மடங்கினாலே போதும். இடியாப்பத்துக்குக் கையால் அமுக்கும் உழக்கை விட்டுவிட்டுத் திருகுப்பிடி உள்ள பித்தளை உழக்கைப் பயன்படுத்தினால் உள்ளங்கையும் தோளும் வேலையை எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன பெரிய வீட்டுச் சாவியின் தலை வளையத்துக்குள் ஒரு சாண் நீளமுள்ள உறுதியான மரக்குச்சியைச் செருகி, குச்சியின் இரு முனைகளையும் பற்றித் திருப்புங்கள். பூட்டுக்குள் இரண்டு சொட்டு எண்ணெயும் விடுங்கள். பாதிச் சிரமம் கையில் அன்று, பூட்டில்தான் இருக்கும்.

விரலில் மோதிரமோ நெளியோ இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். கழலாவிட்டால் கையை உயர்த்திச் சற்று நேரம் வைத்திருந்து சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் ஆசாரியிடம் சென்று வெட்டிக்கொள்ளுங்கள். வீக்கம் மிகுந்து விரல் நீலம் பாய்ந்த பிறகு ஓடுவது வீண் துன்பம்.

மறுமொழி: பூங்கல் (ஆத்தங்குடி)

மேலே ஐயா சொன்ன தேய்மானம் எனக்கு உள்ளது. கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றித் தரையில் பதிக்கும் கல் செய்யும் வேலையில் இளமையிலிருந்து இருக்கிறேன். கல்லையும் கண்ணாடியையும் ஓரத்தில் கட்டைவிரலால் இடுக்கித் தூக்கித் தூக்கி, வலது கட்டைவிரலின் அடிக் கணு புடைத்து, பாட்டில் மூடியைத் திறக்கவும் முடியாத நிலை வந்தது. எனக்கு இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. கட்டைவிரலை மட்டும் தாங்கும் சிறு பட்டை ஒன்றை வேலை நேரத்தில் அணியச் சொன்னார்கள். டைக்ளோஃபெனாக் என்னும் வலி தணிக்கும் களிம்பைத் தடவச் சொன்னார்கள். சாயக் கரண்டியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டேன். கல்லை இப்போது ஓரத்தில் இடுக்காமல் இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குகிறேன். தொழிலை விடவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான். உங்களுடையது வேறு மாதிரித் தெரிகிறது.

மறுமொழி: இரண்டாங்கட்டு (கானாடுகாத்தான் பக்கம்)

சகோதரிக்கு வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பல ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்கிறேன். கரும்பலகையில் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியாமல் தொடங்கியது எனக்கு. பயிற்சியைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். உங்களுக்கும் இந்த நோய்தான் என்று உறுதியானால் மட்டுமே இது பொருந்தும்.

பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளோடு கலந்து வைத்து, தினமும் போட்டுக்கொண்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த அட்டையைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறோம். அதனோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவார்கள். அது வாய்ப்புண், குமட்டல் போன்றவற்றைக் குறைக்கும். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் அல்லற்படுகிறார்கள். இதைப் படிப்பவர்களில் குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் இருந்தால், இந்த மாத்திரை கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதை அறிந்து முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். இதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் கண் பரிசோதனையும் உண்டு.

இந்த மருந்துகள் வலி மாத்திரை அல்ல. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க, வீக்கத்தை விரைவில் அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சிறிய அளவில் சில காலம் தருவதுண்டு. அது முதல் வாரத்திலேயே அற்புதம் செய்துவிடுவதால், மற்றதை நிறுத்திவிட்டு அதை மட்டும் கடையில் வாங்கி விழுங்கும் ஆசை வரும். எலும்பும் சர்க்கரையும் கண்ணும் அதற்கு விலை கொடுக்கும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் மூட்டு வலிச் சூரணம் என்று விற்பவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஒரு பொட்டலம் இரண்டே நாளில் எல்லா வலியையும் போக்கினால் மகிழாதீர்கள், ஐயப்படுங்கள். நீங்கள் இப்போது விழுங்கும் கடை மாத்திரையும் நெடுநாள் தொடர்ந்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் தரக்கூடியது. அதன் அட்டையை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மறுமொழி: ஊருணிக்கரை

முடக்கறுத்தான் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசையாகச் சாப்பிட்டு வந்தால் முடக்கு நீங்கும் என்பது நம் முன்னோர் கண்டது. பெயரிலேயே அது இருக்கிறது. இதை யாருமே சொல்லவில்லையே?

மறுமொழி: கைவைத்தியர் அல்லாதவர் (தேவகோட்டை)

ஐயா, முடக்கறுத்தான் தோசையும் இரசமும் எங்கள் வீட்டிலும் உண்டு. உணவாக அதை உண்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. மூட்டுச் சவ்வின் அரிப்பை அது நிறுத்திவிடும் என்று நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் மறுக்கிறேன். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் அரசு மருத்துவமனையில் உள்ள சித்தப் பிரிவுக்குச் சென்று, ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளையும் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

கேள்வியாளர்: ஓலைக்கொட்டான்

அனைவருக்கும் நன்றி. காரைக்குடியில் காட்டி, அங்கிருந்து மதுரைக்கும் சென்று வந்துவிட்டேன். ஆன்டி சி.சி.பி. அதிகமாக இருக்கிறது, முடக்குவாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இன்னும் தெரியவில்லையாம். ஆசிரியை அம்மா சொன்ன அதே வார மாத்திரையும், குறைந்த அளவில் ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார்கள். சாவிக்குக் குச்சி செருகும் வழி நன்றாக வேலை செய்கிறது.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்குத் தாம்பூலக் கொட்டான் முடைந்து தருவதாக முன்பணம் வாங்கியிருக்கிறேன். என்னோடு இரண்டு பெண்கள் முடைகிறார்கள். மருந்து பிடிக்கும் வரை நான் ஓலையையே தொடக் கூடாதா? இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் விழிப்பு வருகிறது. அதையும் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுமொழி: கைவைத்தியர் அல்லாதவர் (தேவகோட்டை)

எலும்பு அரிக்கும் முன் மருந்து தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

மரப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாகத் தசைநாண்களோடு ஒரு நரம்பும் செல்கிறது. மணிக்கட்டில் வீக்கம் ஏற்பட்டால் அந்த நரம்பு நெருக்குண்டு, நீங்கள் சொன்ன அதே மூன்று விரல்கள் இரவில் மரத்துப்போகும். உறக்கத்தில் மணிக்கட்டை மடித்து வைப்பதால் அது கூடுகிறது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் அணிந்தால் பலருக்குக் குறையும். மூட்டு வீக்கம் வடியும்போது இதுவும் குறையக்கூடும்; ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றுவது போலத் தோன்றினாலோ, பகலிலும் மரப்பு நீங்காவிட்டாலோ, அடுத்த முறை வரை காத்திருக்காமல் சென்று காட்டுங்கள். பிடிப்புத் தளர்ச்சியில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம்.

ஓலையைத் தொடலாம். எந்த வேலையை எவர் செய்வது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓலை வகிர்வது, வாய்ப்பகுதியை இறுக்குவது ஆகிய இரண்டிலும் நுனி விரல் இடுக்கும் விசை மிகுதி. அவற்றை உடன் முடையும் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். சாயம் தேர்வது, வரிசை போடுவது, அடி பின்னுவது, குறை பார்ப்பது ஆகியவை உங்களுடையவையாக இருக்கட்டும். ஓலையை ஈரத்துணியில் நன்றாகப் பதப்படுத்தி எடுத்தால் வளைக்கத் தேவையான விசை குறையும். காய்ந்த ஓலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். விறைப்பு நீங்காத காலை நேரத்தில் தொடங்காமல், முற்பகலில் தொடங்குங்கள். தரையில் குனிந்து முடைவதைவிட, முன்கைகள் இரண்டும் ஒரு பலகைமேல் தாங்கியிருக்குமாறு அமர்வது நல்லது. கை வலிக்கும் முன்பே நிறுத்தி, விரல்களை நீட்டி மடக்கிவிட்டுத் தொடருங்கள். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வழக்கத்தைவிட வலி கூடுதலாகவே இருந்தால், அன்று செய்தது கைக்கு மிஞ்சியது என்று பொருள். மறுநாள் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கைமுறுக்குச் சுற்றும் வேலையை மட்டும் இந்தப் பருவத்தில் ஏற்காதீர்கள். மாவை விரல் நுனியால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவது உங்கள் கணுக்களுக்கு இப்போது மிகவும் பகையான அசைவு.

வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உள்ளது. உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி: இரண்டாங்கட்டு (கானாடுகாத்தான் பக்கம்)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், சகோதரி. ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், மூச்சுத் திணறலோடு வறட்டு இருமல் ஆகியவற்றில் எது வந்தாலும், அந்த வாரத்து மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் காய்ச்சல் மாத்திரை என்று எவரேனும் எதையேனும் கொடுத்தாலும், இந்த மருந்து உண்பதைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.